ஜான் ஸ்டூவர்ட் மில்லும் இல்லற நீதியும்

அரசியலை ஆராய்ந்த அறிஞர் பலர். மன்னன் ஆளுதல் நன்றோ, மக்கள் ஆளுதல் நன்றோ என்னும் வாதம் நூற்றாண்டு பலவாக நிகழ்ந்து வந்துள்ளது. ஆயினும், மக்கள் யாவரும் பிறந்து வளரும் முதல் அரசு ஒன்றுண்டு, அஃது இல்லம். அங்கு ஆள்பவர் யார், ஆளப்படுபவர் யார், அவ்வாட்சி எவ்வுரிமையால் வந்தது என்று வினவியவர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கிலப் பேரறிஞர். அவ்வினாவை அவர் ஏட்டோடு விடவில்லை. தம் மணவாழ்விலும், பின்னர்ப் பார்லிமெண்டு மன்றத்திலும் கொண்டு நிறுத்தினார். தருக்கமும் பொருளாதாரமும் பயிலும் நம் மாணவர் அவர் பெயரை நன்கறிவர். குடும்பத்தைப் பற்றி அவர் கொண்ட கருத்தையும், அக்கருத்தால் சமூகவியலின் தந்தை எனப்படும் ஒருவரோடு அவர் மாறுபட்ட வரலாற்றையும் அறிந்தவர் அத்துணைப் பலரல்லர். ஆதலின் அவற்றை இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பிறந்த இல்லம்

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்து தேசத்தார். சமய போதகராகும் தகுதி பெற்றிருந்தும், அத்துறையை விட்டு இலண்டன் வந்து எழுதுகோலால் பிழைத்தவர். அவர் தம் மூத்த மகனைப் பள்ளிக்கு அனுப்பாது தாமே கற்பித்தார். மூன்றாம் வயதிற் கிரேக்கமும், எட்டாம் வயதில் இலத்தீனும், பன்னிரண்டாம் வயதில் தருக்கமும் அச்சிறுவனுக்குத் தொடங்கப்பட்டன. கற்றவற்றைத் தம்பி தங்கையர்க்குக் கற்பிக்கும் கடமையும் அவன் மீதே விழுந்தது. விளையாட்டும் ஒத்த வயதினர் தோழமையும் அவன் அறியாதவை.

அவ்வில்லத்தில் தந்தையே ஆசிரியர், தந்தையே நடுவர், தந்தையே அரசர். தாயார் ஹாரியட் ஒன்பது மக்களைப் பெற்று, குறைந்த வருவாயைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். கணவரோ அவரைக் கல்வியிற் குறைந்தவரென எண்ணி, மக்கள் முன்னிலையிலும் மதிப்பின்றி நடத்தினார். மக்களும் அதனையே கண்டு கற்றனர்.

இங்கு விந்தை யொன்று கூறற்பாலது. ஜேம்ஸ் மில் 1817ஆம் ஆண்டில் இந்திய தேச சரித்திரம் ஒன்றினை வெளியிட்டார். ஒரு சமுதாயத்தின் நாகரிகத்தை, அங்குப் பெண்டிர் பெற்றுள்ள நிலை கொண்டு அறியலாம் என்பது அந்நூலிற் காணும் கொள்கைகளுள் ஒன்று. இந்தியாவைக் கண்ணாற் காணாத அவர், அவ்வளவுகோல் கொண்டே நம் நாட்டவரை மிகவும் கடிந்து எழுதினார். அந்நூல் அச்சாகுங்கால், தந்தை அச்சுத் தாளைத் திருத்த, அருகிருந்து கையெழுத்துப் பிரதியைப் படித்து உதவியவன் சிறுவன் மில். ஆனால் அவ்வளவுகோல் அவர்தம் இல்லத்தின் வாயிலைத் தாண்டி உட்புகவில்லை. மேலும், 1820ஆம் ஆண்டில் அரசாங்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவர், பெண்டிரின் நலன் தந்தையரின் நலனிலோ கணவரின் நலனிலோ அடங்கிவிடும். ஆதலின் அவர்க்குத் தனியே வாக்குரிமை வேண்டுவதின்று என்று முடிவு கூறினார். தந்தையின் கருத்துக்களைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட மகன், இவ்வொன்றில் மட்டும் இளமையிலேயே மாறுபட்டார்.

அலுவலும் நட்பும்

1823ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் அலுவலகத்தில் அமர்ந்தார். 1858ஆம் ஆண்டு வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அவ்வேலையிலிருந்தார். இந்தியச் சுதேச சமஸ்தானங்களைப் பற்றிய கடிதங்கள் பல அவர் கையால் எழுதப்பட்டன. இருபதாம் வயதில் அவர்க்குப் பெரும் மனச்சோர்வு ஒன்று நேர்ந்தது. அறிவை மட்டும் வளர்த்து உணர்ச்சியை வாடவிட்ட கல்வியின் விளைவே அஃதென அவரே பிற்காலத்தில் உணர்ந்தார். கவிதையும் நட்புமே அவரை மீட்டன.

1830ஆம் ஆண்டில் ஹாரியட் டெய்லர் என்னும் அம்மையாரை அவர் சந்தித்தார். அம்மையார் மருந்துச் சரக்கு வணிகர் ஒருவரின் மனைவி, மக்களைப் பெற்றவர், கூர்த்த மதியினர். இருவர்க்கும் உண்டான அறிவு நட்பு இருபது ஆண்டுகள் நீடித்தது. உலகம் பலவாறு பேசிற்று. நண்பர் சிலர் விலகினர். கணவரோ பெருந்தன்மையோடு பொறுத்தார். அம்மூவரும் பட்ட துன்பம் சிறிதன்று.

அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். மணமான பெண்ணிற்குச் சட்டத்தின் முன் தனி ஆள் என்னும் நிலையில்லை. அவள் ஈட்டும் கூலியும், அவள் கொண்டுவந்த பொருளும் கணவனைச் சார்ந்தன. செல்வர் வீட்டார் தம் பெண்ணுக்குத் தனிப் பத்திரம் எழுதிக் காத்தனர். ஏழைப் பெண்ணுக்கு அக்காப்பும் இல்லை. மக்கள் மீது உரிமை தந்தைக்கே. மில்லும் ஹாரியட்டும் 1832ஆம் ஆண்டளவில் மணச் சட்டத்தைப் பற்றித் தனித்தனிக் கட்டுரை வரைந்து ஒருவர்க்கொருவர் அளித்தனர். மனைவியரையும் மக்களையும் அடித்துத் துன்புறுத்துவோரை நீதிமன்றங்கள் இலேசாக விட்டுவிடுதலைக் கண்டித்து, பின்னாளில் இருவரும் சேர்ந்து நாளிதழ்களுக்கு எழுதினர்.

ஆகஸ்ட் காம்டுடன் மாறுபட்டமை

மில்லின் காலத்தில் பிரான்சு தேசத்தில் ஆகஸ்ட் காம்ட் என்னும் அறிஞர் புகழ் பெற்றிருந்தார். அவர் 1798ஆம் ஆண்டில் மான்ட்பெல்லியர் நகரிற் பிறந்தவர். மக்கட் சமுதாயத்தையும் இயற்கை நூல்களைப் போல விதிமுறையோடு ஆராயலாம் என்று கூறி, அவ்வாராய்ச்சிக்குச் சமூகவியல் என்னும் பெயரை இட்டவர் அவரே. அவருடைய நூல்களில் மில் பேரார்வம் கொண்டார். 1841ஆம் ஆண்டில் இருவரிடையே கடிதப் போக்குவரவு தொடங்கிற்று. முதலிற் கடிதங்கள் அன்பும் மதிப்பும் நிறைந்தனவாயிருந்தன. 1843ஆம் ஆண்டில் பெண்டிரைப் பற்றிய பேச்சு எழுந்தது. அன்று தோன்றிய வேற்றுமை பின்னர் ஆறவேயில்லை.

காம்டின் கொள்கையை முதற்கண் நேர்மையாக எடுத்துரைப்போம். சமுதாயம் தனி மனிதரால் ஆயதன்று, குடும்பங்களால் ஆயது. குடும்பத்திற்கு ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கு இரண்டு கீழ்ப்படிதல்களின் மேல் நிற்பது: பெண் ஆணுக்கும், இளையோர் முதியோர்க்கும் அடங்குதல். பெண்ணின் மூளையும் உடலும் இயற்கையிலேயே ஆட்சிக்கும் ஆழ்ந்த ஆராய்ச்சிக்கும் ஏற்றன அல்ல. அன்பிலும் அருளிலும் அவள் ஆணினும் உயர்ந்தவள். ஆகவே அவள் இல்லத்திலிருந்து ஆணின் உள்ளத்தைப் பண்படுத்துதலே இருவர்க்கும் நலம். இதனை உயிர்நூல் காட்டும் உண்மையென அவர் நம்பினார். இக்கொள்கையிற் பெண்ணுக்குப் பூசையுண்டு, உரிமையில்லை.

மில் இதனை மறுத்தார். குடும்பம் சமுதாயத்தின் அடிப்படை என்பதில் அவர்க்குத் தடையில்லை. பெண்ணின் இயல்பு இதுவென எவ்வாறு அறிந்தீர் என்பதே அவர் வினா. தொட்டியில் வைத்து வேரை நறுக்கி வளர்த்த மரத்தின் உயரத்தை அளந்து, அம்மர இனத்தின் இயல்பான உயரம் இதுவே என்று ஒருவன் கூறினால் நாம் நகைப்போம். பெண்டிர்க்கோ கல்வி மறுக்கப்பட்டது, தொழில் மறுக்கப்பட்டது, பிறரைச் சார்ந்து அவர்க்கு இனியராய் நடத்தலே குழந்தைப் பருவந் தொட்டுப் பயிற்றப்பட்டது. இவ்வாறு உண்டாக்கப்பட்ட குணத்தை இயற்கையென்று கொள்ளுதல் ஆராய்ச்சி முறையன்று. அவ்வாண்டில் வெளியான தம் தருக்க நூலிலும், சூழ்நிலை மக்களின் ஒழுக்கத்தை எவ்வாறு ஆக்குகின்றது என்று காணும் தனி நூற்றுறை யொன்று வேண்டும் என அவர் எழுதியிருந்தார். அத்துறை வளருமுன் முடிவு கூறுதல் தகாது என்பது அவர் துணிபு.

இக்கடிதங்களை மில் ஹாரியட் அம்மையாரிடம் காட்டினார். காம்டின் கருத்துக்களை அம்மையார் வெறுத்ததில் வியப்பில்லை. ஆனால் மில்லையும் அவர் கடிந்துகொண்டார். ஐயமறக் கூறவேண்டிய இடங்களில் மில் நண்பரின் மனம் நோகாதபடி தயங்கித் தயங்கி எழுதியிருந்தமையே காரணம். மில் அக்குற்றத்தை உணர்ந்தார். எனினும் நண்பர்க்கு உதவத் தவறினாரல்லர். 1844ஆம் ஆண்டில் காம்ட் உத்தியோகத்தை இழந்து வறுமையுற்றபோது, இலண்டன் செல்வர் சிலரிடம் கேட்டுப் பொருளுதவி வாங்கி அனுப்பினார். அவ்வுதவி நின்றபோது காம்ட் சினந்தார். 1847ஆம் ஆண்டோடு கடிதங்கள் ஒழிந்தன. கருத்து வேற்றுமைக்காக ஒருவரைப் பட்டினி விடாத பண்பும், உதவி செய்தமைக்காகக் கருத்தை விட்டுக்கொடாத உறுதியும் மில்லிடம் ஒருங்கே நின்றன.

மணமும் உறுதிமொழியும்

ஹாரியட்டின் கணவர் 1849ஆம் ஆண்டில் நோயுற்று இறந்தார். இறுதிக் காலத்தில் அம்மையார் அருகிருந்து இரவு பகலாகப் பணிசெய்தார். 1851ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மில்லுக்கும் அவர்க்கும் மணம் நடந்தது.

அம்மணத்திற்குச் சில வாரங்கள் முன்னர், மார்ச் மாதம் 6ஆம் தேதி, மில் ஒரு தாளில் உறுதிமொழி யொன்றை எழுதி வைத்தார். மணத்தால் சட்டம் கணவனுக்கு அளிக்கும் அதிகாரங்களைத் தாம் ஒப்பவில்லை என்றும், அவற்றைச் சட்டப்படி துறக்க வழியின்மையால், எக்காலத்தும் அவற்றைப் பயன்படுத்துவதில்லையென வாக்களிப்பதாகவும், மணம் நடவாதது போலவே தம் மனைவியார்க்குச் செயலிலும் பொருளிலும் முழு உரிமை உண்டென்றும் அதில் வரைந்தார். அத்தாளுக்கு நீதிமன்றத்திற் செல்வாக்கில்லை. அஃது அவர்க்கும் தெரியும். ஆயினும் உரிமையை மறுப்பவர் சட்டத்தின் பின் மறைந்துகொள்ளும் உலகில், சட்டம் தந்த உரிமையை வேண்டாவென ஒருவர் எழுதிக் கையொப்பமிடுதல் சிறு செயலன்று.

அவ்வாண்டு ஜூலை மாதத்தில் வெளியான ஒரு கட்டுரையில், ஹாரியட் அம்மையார் மில்லினும் ஒரு படி முன்சென்றார். பெண்டிர்க்கு வாக்குரிமை மட்டும் போதாது. மணமான பெண்ணும் தொழில் செய்து பொருள் ஈட்டல் வேண்டும். தன் உழைப்பால் வருவாயிற் பங்கு கொணர்பவள் இல்லத்தில் வேலைக்காரியாக நடத்தப்படாள் என்பது அவர் கருத்து.

1858ஆம் ஆண்டு நவம்பரில், மில் வேலையினின்று ஓய்வு பெற்ற அவ்வாண்டிலேயே, பிரான்சு தேசத்து அவிஞான் நகரில் அம்மையார் இறந்தார். அவர் கல்லறைக்கு அருகே மில் ஒரு சிறு வீட்டை வாங்கி, ஆண்டுதோறும் பல மாதங்கள் அங்கு வாழ்ந்தார். அம்மையாரின் மகளார் ஹெலன் அவர்க்கு உதவியாளராகவும் உடன் ஆராய்பவராகவும் இருந்தார்.

பார்லிமெண்டிலும் நூலிலும்

1865ஆம் ஆண்டில் வெஸ்ட்மினிஸ்டர் தொகுதியார் மில்லைப் பார்லிமெண்டு அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தனர். பெண்டிர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்பதைத் தேர்தலுக்கு முன்னரே அவர் வெளிப்படையாகக் கூறியிருந்தார். 1866ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், ஏறத்தாழ 1,500 பெண்டிர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை அவர் சபையில் அளித்தார். அடுத்த ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி, தேர்தல் சீர்திருத்த மசோதாவில் ஆண்மகன் என்னும் பொருள்படும் சொல்லை நீக்கி, ஆள் என்னும் பொதுச்சொல்லை இடல் வேண்டும் எனத் திருத்தம் கொணர்ந்தார். அன்று அவர்க்கு அறுபத்தொன்று நிறைந்தது. திருத்தத்திற்குச் சார்பாக 73 பேரும், எதிராக 196 பேரும் வாக்களித்தனர். தோல்விதான், ஆனால் நகைத்து ஒதுக்கப்படும் என்று பலர் எண்ணியிருந்த பொருளுக்கு எழுபத்து மூவர் துணைநின்றது அவர்க்கே வியப்பளித்தது. 1868ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் பதவியை இழந்தார்.

பெண்டிரின் அடிமை நிலையைப் பற்றிய அவர் நூல் 1869ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலின் நடுப்பொருளை மட்டும் இங்குக் கூறுவோம். குடும்பம் ஒரு பள்ளி. அங்குக் கணவன் கட்டளையிட மனைவி அடங்கி நடப்பாளாயின், குழந்தைகள் கற்பது கொடுங்கோன்மையும் அடிமைத்தனமுமே. ஒருவித முயற்சியுமின்றி, ஆணாய்ப் பிறந்ததொன்றாலேயே மக்களிற் பாதிப்பேரினும் தான் உயர்ந்தவன் என்றெண்ணி வளரும் சிறுவன், பின்னர்ச் சபையிலும் சந்தையிலும் எவ்வாறு நீதியறிவான்? வணிகத்திற் கூட்டாளிகள் இருவர் சேருங்கால், ஒருவரே முழுத் தலைவர் என்று சட்டம் விதிப்பதில்லை. அவரவர் திறத்திற்கேற்பப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கின்றனர். இல்லத்திலும் அவ்வாறு இயலாதோ? ஆதலின் இல்லறச் சமத்துவம் பெண்ணுக்கு இடும் பிச்சையன்று. நாட்டின் நீதிக்கே அடிப்படை.

நம் நாட்டைப் பற்றிய குறிப்பொன்றும் அந்நூலில் உண்டு. கம்பெனியின் கடிதங்களைப் பல்லாண்டு படித்த அனுபவத்தால், செங்கோல் வழுவாது சிக்கனமாக ஆளப்பட்ட இந்து சமஸ்தானங்களுட் பெரும்பாலானவை, இளவரசர் வயதடையும் வரை அரசியர் ஆண்டனவே என்று தாம் கண்டதை அவர் சான்றாகக் காட்டினார். அந்தப்புரத்திலிருந்து ஆண்ட நம் அரசியர், இலண்டன் மாநகரத்து வழக்கில் சாட்சிகளாயினர்.

குறைகள்

பெரியோர் வாழ்க்கையைப் போற்றும்போது அவர்தம் குறைகளை மறைத்தல் உண்மைக்கு உரியதன்று. மில்லின் தன்வரலாறு அவர் இறந்த ஆண்டில் வெளிவந்தது. அதில் தந்தையைப் பற்றிப் பல பக்கங்கள் உண்டு. தாயாரின் பெயரையோ குணத்தையோ கூறும் சொல் ஒன்றையும் காணோம். மணத்தின்போது தம் மனைவியார்க்குத் தாயும் தங்கையரும் உரிய மரியாதை காட்டவில்லை என்று கருதி, அவர்களோடு கடுமையாக நடந்துகொண்டார். அவ்வருத்தம் முற்றும் தீருமுன்னரே 1854ஆம் ஆண்டில் தாயார் மறைந்தார். குடும்பம் ஒரு பள்ளி என்றவர், தம் தந்தையின் பள்ளியிற் கற்ற பாடத்தை முழுவதும் மறக்கவில்லை போலும்.

மணமான பெண் பொதுவாக இல்லப் பொறுப்பையே தன் தொழிலாகக் கொள்வாள் என்று அவர் எழுதியதும், ஹாரியட் அம்மையார் கருத்தினும் பின்தங்கியதே. கணவன் தன் மனைவியை அவள் நலத்திற்காகவே ஆள்வதாகக் கூறும் வாதத்தை ஏலாதவர், இந்திய மக்களைப் பிறர் அவர் நலத்திற்காகவே ஆளலாம் என்னும் வாதத்தை ஏற்றார். இம்முரண்பாட்டை நம் நாட்டவர் எளிதில் மறத்தற்கில்லை.

பின் வந்தோர்

மில்லின் நூலுக்கு 1873ஆம் ஆண்டிலேயே மறுப்பு எழுந்தது. இந்திய சர்க்காரில் சட்ட அங்கத்தினராயிருந்து திரும்பிய பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன், கப்பலுக்குத் தலைவன் ஒருவனே இருத்தல் போல இல்லத்திற்கும் ஒருவனே வேண்டும் என வாதித்தார். 1884ஆம் ஆண்டில் எங்கெல்ஸ், தனிச்சொத்துத் தோன்றியதே பெண் அடிமையானதற்குக் காரணம் என்றார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க அறிஞர் டால்காட் பார்சன்ஸ், தந்தை பொருளீட்டலும் தாய் அன்பூட்டலுமாகிய பிரிவினை குடும்பத்தை நிலைபெறச் செய்கின்றது என்றார்; அஃது காம்டின் குரலுக்கு எதிரொலி போன்றது. 1974ஆம் ஆண்டில் ஆன் ஓக்லி அம்மையார், வீட்டு வேலையும் வேலையே என்று கூறி, அதனைச் சமூகவியல் ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கினார். ஒழுங்கு யாது என்று ஒருசாரார் வினவ, அவ்வொழுங்கின் சுமையைத் தாங்குபவர் யார் என்று மறுசாரார் வினவுகின்றனர். இரண்டு வினாவும் காம்ட், மில் இருவர்தம் கடிதங்களிலேயே உள்ளன.

சட்டங்களும் மாறின. மணமான பெண்ணின் சொத்துரிமையை இங்கிலாந்து 1870, 1882ஆம் ஆண்டுகளில் படிப்படியாக ஒப்பியது. நியூசிலாந்து 1893ஆம் ஆண்டில் பெண்டிர்க்கு வாக்குரிமை அளித்தது. ஆடவரோடு ஒத்த வாக்குரிமையை இங்கிலாந்துப் பெண்டிர் 1928ஆம் ஆண்டிற் பெற்றனர். நம் சென்னை மாகாணச் சட்டசபை 1921ஆம் ஆண்டிலேயே பெண் என்னும் காரணத்தால் வாக்குரிமை மறுத்தலை நீக்கியது. பரம்பரைக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலும், இந்தியா முழுமையும் 2005ஆம் ஆண்டிலும் சட்டமாக்கின.

முடிவுரை

1873ஆம் ஆண்டு மே மாதத்தில் மில் அவிஞான் நகரில் இறந்தார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னும் செடிகொடிகளை ஆராய நெடுந்தூரம் நடந்து சென்றிருந்தார். மனைவியாரின் கல்லறையிலேயே அவர் உடலும் வைக்கப்பட்டது.

அவர் வேண்டிய சட்டங்களிற் பல இன்று நம் கையில் உள்ளன. ஆனால் சட்டம் வாயிற்படி வரையே வரும். அதற்கு அப்பால், விடுமுறைக்கு இல்லம் செல்லும் நாமே சென்று காணல் வேண்டும். எல்லோரும் உண்ட பின் உண்பவர் யார்? பொருள் முட்டுப்பட்டபோது யாருடைய படிப்பு முதலில் நின்றது? சகோதரன் உண்ட தட்டைச் சகோதரி எடுக்கின்றாளே, அஃது எந்நூல் விதித்த ஒழுங்கு? இவற்றை உணர்ந்து நம் கையாற் செய்யத்தக்கதைச் செய்வோமாயின், மில் எழுதிவைத்த அத்தாளில் நாமும் கையொப்பமிட்டவராவோம். அவர் தம் தாயார்க்குச் செய்யத் தவறியதை நாம் நம் தாயார்க்குச் செய்தல் கூடும்.